மறு: புதுத் தொட்டியை ‘சைக்கிள்’ செய்வதற்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மீன்தொட்டிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புதுத் தொட்டியில் மீனின் கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியாவைக் குடியேறவிட்டுத் தயார்செய்வதை ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ செய்தல் என்கிறார்கள்; இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன்.

> ‘சுழற்சியூட்டல்’ போதுமே.

ஐயா, வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மோட்டார் தண்ணீரைச் சுற்றவிடுவதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நடப்பது வேறு. மீன் செவுள் வழியே விடும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இவை ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடைசியில் நைட்ரேட்டை நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம். வட்டமே முழுமையாகாதபோது சுழற்சி எங்கே?

> ‘நைட்ரேட்டாதல்’ இருக்கிறதே?

அது பாக்டீரியா செய்யும் வேலை. எனக்கு வேண்டியது தொட்டி வைப்பவர் செய்யும் வேலையின் பெயர். புது மண்சட்டியைப் பழக்குகிறோம் இல்லையா? அதுபோல ‘தொட்டி பழக்குதல்’. தொட்டி பழகும், நாம் பழக்குவோம். தன்வினை, பிறவினை இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

> பழகு, பழம், பழுது எல்லாம் ஒரே வேர். கெட்டுப்போன தொட்டி என்றாகிவிடும்.

வேர் ஒன்றாகவே இருக்கட்டும். குறளில் ‘பழைமை’ என்ற அதிகாரம் நெடுநாள் நட்பைப் பேசுகிறது. அதைப் படிக்கையில் யாருக்கும் பழுது நினைவுக்கு வருவதில்லை.

> அம்மோனியாவும் தமிழல்ல. ‘நவச்சார வளி’ என்க.

நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு என்பதால் உறவு உண்மைதான், அழகான சொல்லும்கூட. ஆனால் தண்ணீரைச் சோதிக்கும் மருந்துக் குப்பியில் அம்மோனியா என்றுதான் போட்டிருக்கும். போன வருடம் என் மாணவி ஒருத்தி தொட்டி வாங்கிய அன்றே ஆறு கப்பி மீன்களை விட்டாள். வாரத்துக்குள் ஆறும் செத்துப்போயின. அவள் குப்பியைப் படித்துச் சட்டென்று புரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

> பழைய தொட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் புதியதில் போடுவதற்கு ‘உறை ஊற்றுதல்’ எப்படி?

அக்கா, அருமை! பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதானே. எங்கள் பக்கம் ‘பிரை’ என்போம்; எதுவானாலும் சரி. பஞ்சு என்பதால் ஊற்ற முடியாது, ‘உறையிடுதல்’ என்று மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் உறையைக் கொன்றுவிடும், தொட்டித் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்ற வரியும் இப்போது எளிதாக எழுத வருகிறது.

இதுவரை நால்வர் ‘பழக்குதல்’ பக்கம். ஐயாவின் மறுப்பு அப்படியே நிற்கிறது. வேறு நல்ல சொல் அகப்பட்டால் அனுப்புங்கள் ஐயா, வியாழன் இரவு வரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன்.