வீட்டு டிரைனேஜ் லைன் மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், என் அனுபவம் இது

மாம்பலத்துக்காரி

எங்கள் வீடு 1968இல் மாமனார் கட்டியது. பக்கவாட்டு நடையில் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து நாலடி தள்ளி டிரைனேஜ் லைன். அந்தக் காலத்து ஸ்டோன்வேர் பைப், அதாவது சுட்ட மண்குழாய். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

போன கார்த்திகையில் மழை விட்டதும் சம்ப் தண்ணீரில் லேசாக ஒரு வாடை. ப்ளீச்சிங் பவுடர் போட்டோம், போய்விட்டது. ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. அதே சமயத்தில் மாமனாருக்கு வயிற்றுப்போக்கு. 84 வயது அவருக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கஞ்சி மட்டும் கொடுங்கள் என்றார். மூன்று வாரம் நான்தான் வேளாவேளைக்கு வைத்துக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரில்.

நடையைத் தோண்டிய அன்று கொத்தனார், "அம்மா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். பைப் இரண்டடித் துண்டுகளாகத்தான் இருந்தது. ஒரு துண்டைத் தூக்கினார். ஜாயிண்டில் பூசியிருந்த சிமெண்ட் அவர் விரலில் விபூதி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் மண் கறுப்பாக, பளபளவென்று. சம்ப் சுவரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுவிட்டு உள்ளங்கையை என்னிடம் காட்டினார், ஈரம். "எவ்வளவு நாளா இந்தத் தண்ணி புழங்குறீங்க?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பூஜை அறையிலிருந்த பஞ்சபாத்திரத்தை எடுத்துவந்து நடையிலேயே கவிழ்த்தார். மாமனார் இப்போது தேறிவிட்டார். எனக்குத்தான் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

செலவு கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் குளியலறையிலிருந்து கேட் அருகே உள்ள கடைசி சேம்பர் (லைனைத் திறந்து பார்க்கும் தொட்டி) வரை 62 அடி. ஆறு அங்குல யுபிவிசி பைப் நாலு லெங்த் 19,000 ரூபாய். டீ, பெண்டு போன்ற இணைப்புகள், ஒட்டும் கம் எல்லாம் 6,500. மூன்று சேம்பர் புதிதாகக் கட்ட 22,500. தோண்ட, பதிக்க, மூட கூலி 31,000. மண், கட்டிடக் கழிவு ஏற்றிப்போக 5,000. சம்பைக் கழுவி உட்புறம் மறுபடி பூச 16,000. உடைத்த நடையைத் திரும்பப் போட மட்டும் 38,000. ஆக மொத்தம் 1,38,000. பைப் விலையை மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டு 40,000க்குள் முடியும் என்று இறங்கினோம். கேட்டிலிருந்து தெரு வரை பழைய லைன் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. ரோடு உடைக்க வேண்டியிருந்தால் அதற்கு அனுமதி, கட்டணம் எல்லாம் தனி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

சகோதரி, உங்கள் மாமனார் தேறியது நிம்மதி. ஆனால் ஆறு அங்குலம் யார் போடச் சொன்னது? ஒரு வீட்டுக்கு நாலு அங்குலம் தாராளம். பெரிதாகப் போட்டால் அடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அகலமான குழாயில் தண்ணீர் பரந்து மெல்லிசாக ஓடும், கழிவு அங்கங்கே தங்கிவிடும். பைப்பின் அளவைவிட வாட்டம், அதாவது சரிவுதான் முக்கியம். நாலு அங்குலத்துக்கு 40 அடிக்கு ஓரடி இறக்கம், ஆறு அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓரடி. இது அந்தக் காலத்திலிருந்து வரும் கணக்கு.

என் சொந்த வீட்டில் பட்டதால் சொல்கிறேன். வேலை நடந்தபோது நான் ஊரில் இல்லை. பிளம்பர் கண்மட்டத்தில் பார்த்தே பதித்து மூடிவிட்டார். நடுவில் பத்தடிக்கு லைன் தொட்டில் மாதிரி தொய்ந்து கிடந்தது. ஐந்தே மாதத்தில் திரும்ப உடைத்தோம். ஊரார் வீட்டுக்கெல்லாம் வாட்டம் பார்த்தவன் வீட்டில் இப்படி.

இனி மாற்றப் போகிறவர்கள் கவனியுங்கள். மண்ணுக்கடியில் போடச் செங்கல் நிற பைப்பே தனியாக இருக்கிறது, ஐ.எஸ். 15328 என்ற இந்தியத் தர எண் மேலேயே அச்சிட்டிருக்கும். சாம்பல் நிறத்தில் வரும் எஸ்.டபிள்யூ.ஆர். பைப் சுவரை ஒட்டி இறக்குவதற்கானது, அதை மண்ணில் புதைக்கச் சம்மதிக்காதீர்கள். பள்ளத்தின் அடியில் கல், செங்கல் துண்டு எதுவும் இல்லாமல் பொறுக்கிவிட்டு நாலு அங்குலம் மணல் விரிக்க வேண்டும். பைப்பின் இரண்டு பக்கமும் மணலைக் கையால் திணிக்க வேண்டும், மேலே அரை அடியாவது மணல் போட்ட பிறகுதான் தோண்டிய மண். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம், இரண்டு 45 போடுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஒரு சேம்பர் கட்டுங்கள். சேம்பர் தரையைச் சமமாக விடாமல் நடுவில் வாய்க்கால் மாதிரி வளைத்துப் பூசச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாம் அங்கேயே தேங்கும். மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான ட்யூப் லெவலைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். மூடுவதற்கு முன் கீழ் முனையை அடைத்து, பைப் நிறையத் தண்ணீர் கட்டி ஒரு மணி நேரமாவது பாருங்கள். மட்டம் இறங்கினால் ஜாயிண்ட் சரியில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் கடைசி சேம்பரில் போய் நின்று பாருங்கள்.

வைகைக்கரை

எங்கள் வீட்டில் வேர். பதினைந்து வருடமாக அடைத்தது, ஆள் வந்து மூங்கில் சிம்பு விட்டுக் குத்திவிட்டுப் போவார், ஆறு மாதம் ஓடும். மறுபடி அடைக்கும். கடைசியில் தோண்டினோம். ஜாயிண்ட் வழியாக ஒரு நூல் அளவு வேர்தான் உள்ளே போயிருக்கிறது. உள்ளே அது ஏழடி நீளத்துக்குப் பின்னல் போட்ட சடை மாதிரி, பைப்பின் உருண்டை வடிவத்திலேயே, ஈரமாக. இரண்டு ஆள் சேர்ந்து உருவி வெளியே போட்டார்கள்.

அப்பா இறந்த வருடம் அம்மா வைத்த வேம்பு அது. பைப் மாற்ற 90,000 ஆனது. மரத்தை வெட்டாவிட்டால் காசு வீண் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா அந்தச் சடையைப் பார்த்துவிட்டு, "தாகத்துக்குத்தானே வந்துச்சு" என்றார். மரத்தை வெட்டவில்லை. லைனை மரத்திலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிச் சுற்றிக் கொண்டுபோனோம், அதற்கு 14,000 கூட ஆனது. சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை.

கோவை வடவள்ளி

செலவு, வாட்டம் எல்லாம் படித்தேன். எனக்கு மனதில் நிற்பது வேறு.

பாதாள சாக்கடையில் இணைப்பைப் புதுப்பித்தபோது, தெரு மேன்ஹோலிலிருந்து தண்ணீர் எதிர்த்து வராமல் இருக்க ஒரு மணல் மூட்டையை வைத்து அடைக்க வேண்டும் என்றார் கான்ட்ராக்டர். கம்பு கொண்டு தள்ளுவார்கள் என்று நினைத்தேன். அவருடன் வந்த பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, செருப்பைக் கழற்றி எங்கள் காம்பவுண்டு சுவர் ஓரமாக ஜோடியாக வைத்தான். சட்டையை மடித்து அதன்மேல் வைத்தான். செல்போனை எடுத்து, "சார், இதைக் கொஞ்சம் வச்சுக்குங்க" என்று என்னிடம் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். ஏழடி ஆழம் இருக்கும். இடுப்பில் கயிறுகூட இல்லை. அவன் உள்ளே இருக்கும்போது என் கையில் அந்த போன் அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது.

அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடத்தில் மேலே வந்தான். குளிக்கத் தண்ணீரும் சோப்பும் கொடுத்தேன், தனியாக 500 ரூபாய் கொடுத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கையால் கழிவு அள்ள வைப்பதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அப்படி ஆளை இறக்குவது குற்றம். கான்ட்ராக்டருக்கு மட்டும் இல்லை, வேலை கொடுக்கும் நமக்கும்தான். நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரும் ஈடுபடுத்தக் கூடாது என்றே அதில் இருக்கிறது. முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே. இதெல்லாம் பிறகுதான் படித்தேன்.

வைகைக்கரை

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். சட்டம் பிறகு படித்தது இருக்கட்டும், போனை வாங்கும்போதே தெரிந்திருக்குமே. அங்கேயே வேலையை நிறுத்தியிருக்கலாம். மேன்ஹோலில் இருக்கும் வாயு அளவு மீறினால் மூக்குக்கு நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகள் எத்தனை வந்திருக்கின்றன. அப்படி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. அதற்கு முன் 10 லட்சம்.

கோவை வடவள்ளி

ஆமாம், நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதனால்தான் எழுதினேன். அடைப்பு எடுக்க இயந்திரம் வேண்டும் என்றால் 14420 என்ற எண் இருக்கிறது, யாராவது ஆளை இறக்க வந்தால் அதில் கூப்பிடுங்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து

நாங்கள் இருக்கிறது ரொறன்ரோவில், ஐம்பதுகளில் கட்டின வீடு. இங்கேயும் அதே மண்குழாய்தான், வேப்பமரத்துக்குப் பதில் மேப்பிள். பேஸ்மென்ட் தரையில் இருக்கிற வடிகால் வாயால் கழிவுநீர் திரும்பி ஏறி, அம்மாவின் பழைய சேலைப் பெட்டி நனைந்துபோனது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்க தலையில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி. சேலைகளைக் கழுவிக் காயப்போட்டம், கூறைச்சேலையில் மட்டும் அந்தக் கறை போகவில்லை.

தம்பிமார், தோண்ட முதல் கமரா விட்டுப் பாருங்கோ. வந்த முதல் ஆள் முழுக்கக் கிண்ட வேண்டும் என்று 16,000 டொலர் கேட்டார். நகரசபை நம்பர் 311க்கு அடிச்சம், நகரசபை ஆட்கள் வந்து பார்த்து, பழுது எங்கள் காணிக்குள்ளதான் என்று சொன்னார்கள். வீட்டு எல்லைக்குள்ள என்றால் செலவு எங்களுடையது, எல்லைக்கு அங்கால என்றால் அவர்களுடையது. பிறகு வேறொரு ஆள் கமரா விட்டார், வெடிப்பு ஒரு இடத்தில மட்டும். இரண்டு பக்கமும் குழி வெட்டி, பழைய குழாயை உள்ளுக்குள்ளேயே உடைத்துக்கொண்டு புதுக்குழாயை இழுத்துவிட்டார். முற்றம் கலையவில்லை. 9,500 டொலர். திரும்பி ஏறாமல் இருக்க ஒரு வால்வும் பூட்டினம். அந்த வால்வை முன்னமே பூட்டியிருந்தால் பெட்டி நனைந்திராது.

மாம்பலத்துக்காரி

ஓவர்சியர் ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாலு அங்குலம்தான் நாங்களும் கேட்டோம். ஆனால் எங்கள் தெருவில் ரோட்டின்மேல் ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்தில் இருக்கிறது. பின்பக்க மட்டத்துக்கும் கேட் சேம்பருக்கும் நடுவே 13 அங்குலம்தான் இறக்கம் கிடைத்தது. நீங்கள் சொல்லும் கணக்கில் நாலு அங்குல பைப்புக்கு 62 அடியில் பதினெட்டரை அங்குலம் வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஓரடி சொச்சம் போதும். கொத்தனார் ட்யூப் லெவலோடு என் பையனை நிற்க வைத்துத்தான் இதைச் சொன்னார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் தண்ணீர் யோசனையை இன்று காலை செய்து பார்த்தேன். குளியலறையில் ஒரு வாளி ஊற்றச் சொல்லிவிட்டு கேட் சேம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது, நல்ல மஞ்சளாக, தேங்காமல். பிறகு சம்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தரை வரைக்கும் தெரிந்தது.

மாமனாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், நல்லா இருக்கே என்றார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "இது கேன் தண்ணிதானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். கேன் தண்ணீர்தான், இன்னும் நானும் மாற்றவில்லை.