சம்மரி கோர்ட் மார்ஷலில் பணிநீக்கம் செய்யப்பட்ட தம்பிக்கு வழி உண்டா?

கேள்வி: தேவகோட்டைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி ராணுவத்தில் சிப்பாயாக 13 ஆண்டுகள் பணியாற்றியவன். இன்னும் 2 ஆண்டுகள் கழிந்திருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றிருப்பான். எங்கள் தந்தையாருக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது விடுப்பில் வந்தவன், விடுப்பு முடிந்த பிறகும் 26 நாட்கள் உடனிருந்து கவனித்துவிட்டுத் தானாகவே யூனிட்டுக்குத் திரும்பினான். இரண்டரை மாதம் கழித்துச் சம்மரி கோர்ட் மார்ஷல் (ராணுவத்தின் சுருக்க முறை விசாரணை) கூட்டி, ஒரே முற்பகலில் அவனைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒப்புக்கொண்டால் லேசாக முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி, குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கிறான். இது நடந்து 4 மாதங்கள் ஆகின்றன.

படையில் சேர்ந்தவனுக்கு அடிப்படை உரிமை என்பதே கிடையாது, அரசமைப்புச் சட்டமே அதை எடுத்துவிட்டது என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா? உண்மையில்லை என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதா, வேறெங்கும் போவதா?

பதில் 1: கண்டனூர், ஓய்வுபெற்ற சுபேதார்

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எதிர்த்தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். விடுப்பு முடிந்து ஒருவன் வராவிட்டால், அவன் நிற்க வேண்டிய காவலில் ஏற்கெனவே களைத்துப்போன இன்னொருவன் நிற்கிறான். அதனால்தான் 1857 கிளர்ச்சிக்குப் பின் வந்த இந்த முறையை ராணுவம் இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. கடற்படையிலும் விமானப்படையிலும் சம்மரி கோர்ட் மார்ஷல் கிடையாது.

அந்த அறையில் நானும் இருமுறை உட்கார்ந்திருக்கிறேன். ராணுவச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி நீதிமன்றம் என்பது யூனிட்டின் தலைமை அதிகாரியான கமாண்டிங் ஆபீசர் ஒருவரே. அதிகாரிகளோ ஜே.சி.ஓ.க்களோ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) இருவர் கூட இருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குப் பிரமாணமும் இல்லை, வாக்கும் இல்லை. குற்றப்பத்திரிகையில் கையெழுத்திட்டவரே தீர்ப்பும் சொல்வதைப் பார்த்தபடி நாங்கள் விறைப்பாக உட்கார்ந்திருப்போம். ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 26 நாட்களுக்கு 13 ஆண்டுகளைப் பறிப்பது ஒழுங்காகாது. பழைய சிவப்பு மைப் பதிவுகள், அதாவது முன்பு பெற்ற தண்டனைகளின் பதிவுகள் ஏதும் இருந்தனவா என்று தம்பியிடம் கேளுங்கள். அவை இருந்தால் தண்டனையின் கனம் கூடும்.

பதில் 2: காரைக்குடி வழக்கறிஞர்

பெரியவர் சொன்னதில் பாதிதான் உண்மை. அரசமைப்புச் சட்டத்தின் 33ஆவது உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அது தானாக எதையும் பறித்துவிடுவதில்லை. சங்கம் சேர்வது, பத்திரிகைக்கு எழுதுவது போன்றவற்றை 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ்க் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அச்சட்டமும் 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரும் பாதுகாப்புகளை எந்தக் கமாண்டிங் ஆபீசரும் தாண்டிச் செல்ல முடியாது. தன்மீது புகார் கொடுத்த சிப்பாயைத் தானே விசாரித்துத் தண்டித்த ஓர் அதிகாரியின் தீர்ப்பை, ரஞ்சித் தாக்கூர் வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாத அளவு கடுமையாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று அதில் சொன்னது உங்களுக்கும் உதவும்.

இனி உங்கள் தம்பியின் வழக்குக்கு வருவோம். கையெழுத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம். 39ஆம் பிரிவு தண்டிப்பது, போதிய காரணமின்றி விடுப்புக்கு மேல் தங்குவதைத்தான். போதிய காரணம் இருந்தால் குற்றமே இல்லை. எனவே முதலில் தேட வேண்டியது சாட்சியச் சுருக்கம், அதாவது விசாரணைக்கு முன்பு 23ஆம் விதியின்படி எழுதப்பட்ட வாக்குமூலங்களின் கட்டு. தந்தையாரின் அறுவைச் சிகிச்சையைப் பற்றித் தம்பி அதில் சொல்லியிருந்தால், அந்த வாக்குமூலமும் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டதும் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்த நிலையில், ஒப்புதலைத் திரும்பப் பெறுமாறு அறிவுறுத்தும் கடமையை 115ஆம் விதி நீதிமன்றத்தின் மீதே சுமத்துகிறது. ஒப்புக்கொள்வதன் விளைவை விளக்கிச் சொன்னதாகப் பதிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மேலும், இந்த முறை விதிவிலக்காக, உடனடி நடவடிக்கை தவிர்க்க முடியாதபோது மட்டுமே கையாளப்பட வேண்டும் என்று 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தானாகத் திரும்பி வந்தவரை இரண்டரை மாதம் வைத்திருந்துவிட்டு விசாரிப்பதில் என்ன அவசரம் இருந்தது என்று தாராளமாகக் கேட்கலாம்.

மதுரைக்குப் போக வேண்டியதில்லை. 147ஆம் விதிப்படி நடவடிக்கைக் குறிப்புகளின் நகலைப் பெற்று, 164ஆம் பிரிவின் கீழ் மேலதிகாரிக்கு மனு அனுப்புங்கள். மனு தள்ளுபடியானாலோ 6 மாதங்கள் பதிலில்லாமல் போனாலோ சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அத்தீர்ப்பாயம், பணிநீக்கம் விதிக்கப்பட்ட சம்மரி விசாரணைகளையும் ஆராயக்கூடியது. தீர்ப்பாயம் கைவிட்டாலும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் தடைபடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. ஆனால் தீர்ப்பாயத்தைத் தாண்டி நேராக அங்கே போனால் பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடுவார்கள்.

தேவகோட்டைக்காரர்

இருவருக்கும் நன்றி. பெட்டகத்தில் வைத்திருந்த காகிதங்களை நேற்றிரவு முற்றத்தில் பரப்பிப் பார்த்தோம். சிவப்பு மைப் பதிவு ஒன்றே ஒன்று, 8 ஆண்டுகளுக்கு முந்தையது. சாட்சியச் சுருக்கத்தில் அறுவைச் சிகிச்சை பற்றி மூன்று வரிகள் உள்ளன. மருத்துவமனைச் சான்றைக் கொடுத்ததாகவும் தம்பி அதில் சொல்லியிருக்கிறான். குற்றப்பத்திரிகையைத் திங்கள் மாலை கொடுத்து, வியாழன் காலையில் விசாரணை நடத்தியிருக்கிறார்கள். இவ்வளவு குறுகிய அவகாசம் சரிதானா?

காரைக்குடி வழக்கறிஞர்

அந்த மூன்று வரிகள்தான் உங்கள் வழக்கு. அவகாசத்தைப் பொறுத்தவரை, 34ஆம் விதி குறைந்தது 96 மணி நேரம் கேட்கிறது. உங்கள் கணக்கில் ஏறத்தாழ 64 மணி நேரமே வருகிறது. ஆனால் ஆக்டிவ் சர்வீஸில், அதாவது களப்பணியில் இருப்பவருக்கு 24 மணி நேரமே போதும். யூனிட் அப்போது எங்கே இருந்தது?

தேவகோட்டைக்காரர்

ஜம்முவில்.

காரைக்குடி வழக்கறிஞர்

அப்படியானால் அந்த வாதத்தை முன்னே வைக்காதீர்கள். மத்திய அரசின் அறிவிக்கைப்படி அங்கே பணியாற்றுவோரை ஆக்டிவ் சர்வீஸில் இருப்பவர்களாகவே கருதுவார்கள். பலவீனமான வாதத்தை முதலில் வைத்தால் பலமானதும் அதோடு சேர்ந்து மங்கிப்போகும். போதிய காரணம், பொருந்தாத ஒப்புதல், மிகையான தண்டனை ஆகிய மூன்றை மட்டும் மனுவில் எழுதி, மருத்துவமனையிலிருந்து சான்றின் நகலைப் புதிதாக வாங்கி இணையுங்கள்.

கண்டனூர், ஓய்வுபெற்ற சுபேதார்

மனுவை ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள், தம்பி. மனு சேர்ந்ததாக ஒப்புகை காட்டும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 6 மாதக் கணக்குக்கு அது வேண்டும்.