யோசப் வாஸ் அடிகளார் நாடகத்துக்கு உதவி தேவை

வணக்கம். ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஜனவரி 16, புனித யோசப் வாஸ் திருநாளுக்குப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தது, கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டது எல்லாம் எழுதியாயிற்று. வறட்சியில் அவர் செபித்ததும் மழை பெய்ததாகச் சொல்லும் அற்புதத்தை எல்லாரும் போடுவார்கள். எனக்கு 1697இல் கண்டியில் பரவிய பெரியம்மை நோய்தான் முக்கியம். ஊரே பயந்து ஓடியபோது அவரும் உடன் பணியாற்றிய குரு கர்வாலோ அடிகளாரும் மதம் பார்க்காமல் நோயாளிகளைக் கவனித்தார்கள்.

அந்தக் காட்சிக்கு வசனம் எழுத, தமிழில் விரிவான வரலாறு யாரிடமாவது இருக்கிறதா? பக்கங்களைப் போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்பினாலும் போதும். அப்புறம், அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு உடுப்பு கண்டியில் வாடகைக்குக் கிடைக்குமா? எங்கள் ராஜாவுக்கு வயது பத்துதான், சின்ன அளவாகப் பார்த்துச் சொல்லுங்கள்.