அப்பா ஓய்வுபெற்றால் தம்பி ஏன் மலையேற வேண்டும்?

லைன்வீட்டு மகள் (கோத்தகிரி):
வரும் பங்குனியோடு அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட் வேலை முடிகிறது. எஸ்டேட் பெயர் வேண்டாம். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டையும், அதாவது லைன் வீட்டையும், காலி செய்ய வேண்டும். வீட்டில் இன்னொருவர் பெயர் பதிந்து வேலைக்குப் போனால் வீடு நிற்கும். அம்மா போன வருஷமே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டார். தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை கற்றுக்கொண்டிருக்கிறான். போன ஞாயிறு சித்தப்பா, மாமா எல்லாரும் எங்கள் வீட்டில் கூடி, டீயும் வர்க்கியும் தீர்வதற்குள் அவனை வரச்சொல்வது என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். ஒருவன் யாராக இருக்க வேண்டும் என்பதைக் குடும்பம் எதுவரை முடிவு செய்யலாம்? தாத்தா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார், அப்பா கவாத்து வெட்டினார், அதனால் இவனும் கத்தியைப் பிடிக்க வேண்டுமா? வீட்டைக் காப்பாற்ற ஒரு ஆளையே கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஹட்டன் கோச்சி (குன்னூர்):
பிள்ளை, உனக்குக் கோபம் வருவது புரிகிறது. ஆனால் குடும்பம் என்றாலே கழுத்தில் கட்டிய கயிறு என்பது போல எழுதுகிறாய். எனக்கு 61 வயது. பிறந்தது இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழரை எந்த நாடு எடுத்துக்கொள்வது என்று 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று கணக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், சந்தையில் ஆடு பிரிப்பது மாதிரி. எங்களுக்கு முதல் கணக்கிலேயே விழுந்தது இந்தியா.

1973இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. தாத்தாவின் ஊர் துறையூர் பக்கம் என்பார்கள். அப்பா ஒருமுறை தேடிப் போனார். அங்கே ஒருவருக்கும் எங்களைத் தெரியவில்லை. கையில் இருந்தது ஒரு குடும்ப அட்டை, அதில் ஏழு பெயர். நான் யார் என்று சொல்ல அந்த ஏழில் ஒன்று என்பதைத் தவிர அன்றைக்கு வேறு அத்தாட்சி எனக்கு இல்லை. அங்கே கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். வீட்டுக்குள் வந்தால்தான் எனக்குப் பெயர் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், தம்பி வரட்டும். நான்கு சுவரை விட்டால் உன் அப்பா யார்?

லைன்வீட்டு மகள்:
ஐயா, போன மாதம் வேறொரு இழையில் நீங்களே எழுதியிருந்தீர்கள், உங்கள் மூத்த அண்ணன் பெயர் அந்த அட்டையில் இல்லை, அவர் அங்கேயே நின்றுவிட்டார் என்று. அப்படியென்றால் உங்களைச் சேர்த்து வைத்த அதே அட்டைதானே அவரை வெளியே தள்ளியது?

ஹட்டன் கோச்சி:
அடிக்கத் தெரிந்த இடத்தில் அடிக்கிறாய். சரி.

அண்ணனுக்குக் கல்யாணமாகித் தனி விண்ணப்பம். அவருக்குச் சிலோன் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. கோச்சி (அங்கே ரயிலை அப்படித்தான் சொல்வோம்) புறப்பட்டபோது பிளாட்பாரத்தில் நின்று கை காட்டவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் செத்த சேதி வந்தபோது என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. இப்போது அவர் மகன் வாட்ஸ்அப்பில் சித்தப்பா என்று கூப்பிடுகிறான். முகம் அப்படியே என் அப்பா. ஆனால் காசை எண்ணும்போது சிங்களத்தில் எண்ணுகிறான், கிரிக்கெட் என்றால் எனக்கு எதிர்ப்பக்கம். ஒரே வீட்டு ரத்தம், காகிதம் மாறியதில் வேறு நாட்டுக்காரன். இதை உன் பக்கத்துக் கணக்கில் எழுதிக்கொள், பிள்ளை. ஆனால் அவன் ஏன் என்னைத் தேடிப் பிடித்தான் என்பதையும் யோசி. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஹட்டிக்காரன்:
பெரியவர் பக்கம் என் ஓட்டு. நாங்கள் நீலகிரிப் படகர். ஹெத்தை என்றால் எங்கள் பேச்சில் பாட்டி. கும்பிடும் தெய்வமே ஒரு பாட்டி. மார்கழி, தை வாக்கில் ஹெத்தை பண்டிகைக்கு பெங்களூரில் இருக்கும் பையன்கள்கூட வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு பேரகணிக்கு வந்துவிடுவார்கள். எங்கள் ஹட்டிக்குள், அதாவது ஊருக்குள், பெண் எடுக்க மாட்டோம், அத்தனை பேரும் அண்ணன் தங்கை முறை. மொத்த ஊரும் என்னைக் கண்காணிக்கிறதே என்று பதினெட்டு வயதில் எரிச்சலாக இருந்தது. அப்பா படுத்த படுக்கையானபோது ராத்திரி முறை வைத்து வந்து உட்கார்ந்தவர்கள் அதே ஊர்க்காரர்கள்தான். வேரை வெட்டிவிட்டு இலை மட்டும் துளிர்க்கும் என்று நினைக்காதீர்கள்.

மூன்றாம் வளைவு (ஊட்டி):
ஹட்டிக்காரரே, உங்களுக்கு ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ சொந்தத் தோட்டம் இருக்கும். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று புலம்பினாலும் நிலம் உங்களுடையது. லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு வேர் விடவே மண் கிடையாதே. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

என் கதை வேறு. வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்தேன். அப்பா பதினொரு வருஷம் பேசவில்லை. ஆனால் இன்ஷியலை நான் மாற்றவில்லை, சோம்பேறித்தனம்தான் காரணம், பெரிய கொள்கை எதுவும் இல்லை. வங்கி, ரேஷன் கடை, மகள் பள்ளிக்கூடம், எங்கே கையெழுத்துப் போட்டாலும் முதலில் வருவது அவர் எழுத்து. என்னோடு பேசாத மனிதரை நான் தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். இதைப் பாசம் என்பதா, பழக்கம் என்பதா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

தங்கச்சி, உன்னிடம் ஒரு கேள்வி. நீ தம்பியைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாய். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். உன் அம்மாவும் அந்தச் செக்ரோலில், அதாவது எஸ்டேட் ஆள் பதிவேட்டில், இருந்தவர்தான். வீட்டைக் காப்பாற்ற ஒரு பெயர் வேண்டுமென்றால் உன் பெயரை ஏன் யாரும் எடுக்கவில்லை?

லைன்வீட்டு மகள்:
நான் கல்யாணமாகிப் போய்விடுவேன் என்பதால். மகன் இருக்கும்போது மகளை எதற்குக் கேட்பது என்பதால்.

மூன்றாம் வளைவு:
அது அவர்கள் சொல்லும் காரணம். நீ ஏன் கேட்கவில்லை?

லைன்வீட்டு மகள்:
நேற்று ராத்திரி இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தத் தோட்டத்துக்குப் போக விருப்பமில்லை. குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் கணக்குப் பார்க்கிறேன், அது பிடித்திருக்கிறது. என்னைக் கேட்கவில்லை என்று வருத்தப்படுவதற்குப் பதில், நல்லவேளை கேட்கவில்லை என்று உள்ளுக்குள் நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் தம்பிக்காக இவ்வளவு சத்தம் போடுகிறேனோ என்னவோ. பெண் என்பதால் என்னை விட்டுவிட்டார்கள், அந்தச் சலுகையை நானும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஹட்டிக்காரன்:
இவ்வளவு நேர்மை எனக்கு வராது. ஆனால் ஒரு சந்தேகம். அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா?

திருப்பூர் கட்டிங்:
இல்லை. அந்தத் தம்பி நான்தான். அக்கா தன் பதிவை எனக்கே அனுப்பி, "யாரோ நம்ம வீட்டுக் கதை மாதிரியே எழுதியிருக்காங்க பாரு" என்றாள். பனியன் கம்பெனியில் வேலை செய்தால் புத்தி இருக்காது என்று நினைப்பு.

நான் கவாத்துக் கத்தி பிடிக்க வரப்போவதில்லை. ஆனால் அப்பாவைத் திருப்பூருக்குக் கூப்பிடவும் மாட்டேன். இந்த வெயிலில் அவர் ஒரு வாரம் தாங்கமாட்டார், விடிகாலையில் எழுந்து பனியைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. பெரியவர் கேட்டாரே, நான்கு சுவரை விட்டால் அப்பா யார் என்று. அவருக்குச் சுவர் முக்கியமில்லை ஐயா, பின்பக்கம் அவர் நட்ட பேரிக்காய் மரம்தான். அதைத்தான் தூக்கிக்கொண்டு போக முடியாது.

போன வாரமே கோத்தகிரியிலேயே டானிங்டன் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டேன். அட்வான்ஸ் 30,000 கேட்கிறார்கள், என்னிடம் 18,000 இருக்கிறது. அக்கா, மீதியை நீ போடு. அப்பாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

லைன்வீட்டு மகள்:
நீ சொல்லு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஹட்டன் கோச்சி:
முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அப்புறம் அப்பாவுக்குத் தானாகப் போய்ச் சேரும். அந்தப் பேரிக்காயில் ஒரு கிளை வெட்டிக்கொண்டு வந்து கொடுங்கள், எனக்கு ஒட்டுக் கட்டத் தெரியும்.