அழுகிய பின்பலகையை மாற்ற வேண்டும்: மரைன் ப்ளையா, ஃபோம் பலகையா?

கேள்வி:
பதினாறு அடி ஃபைபர் படகு, பின்னால் வெளியே மாட்டும் 40 எச்பி அவுட்போர்டு இன்ஜின். இன்ஜினைத் தூக்கி வைத்து அசைத்தால் அதைத் தாங்கும் பின்பலகையும் (டிரான்சம்) சேர்ந்து அசைகிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், மேலே கணீரென்று இருக்கிறது, கீழே தண்ணீர் வடியும் துளையைச் சுற்றி மட்டும் சத்தம் செத்துப்போய் வருகிறது. அங்கே உள்பக்கமாக ஒரு சின்னத் துளை போட்டால் ட்ரில் பிட்டோடு கருப்பாக ஈரத்தூள் வருகிறது. சரி, வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். ஒருவர் மரைன் ப்ளை (படகுக்கென்று வரும் ப்ளைவுட்) போதும் என்கிறார், இன்னொருவர் மரமே வேண்டாம், கூசா பிராண்ட் மாதிரி ஃபோம் பலகை போட்டால் ஆயுசுக்கும் அழுகாது என்கிறார். விலையைப் பார்த்தால்தான் தயக்கம். எதைப் போடலாம்? ஒட்டவும் மேலே ஃபைபர் போடவும் பாலியெஸ்டர் ரெசின் போதுமா?

பதில் 1:
மரமா ஃபோமா என்பதற்கு முன்னால், பழையது எங்கிருந்து அழுக ஆரம்பித்தது என்று பாருங்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள், வடிகால் துளை. துளை போட்டு, உள்ளே தெரியும் பச்சை மரத்தை மூடாமல் ஒரு குழாயைச் செருகி ஓரத்தில் கொஞ்சம் சீலன்ட் தடவிவிடுவார்கள், சீலன்ட் விட்டதும் தண்ணீர் ப்ளையின் அடுக்குகளுக்குள் ஏறும். இன்ஜின் போல்ட், சோனார் ஸ்க்ரூ எல்லாவற்றிலும் இதே கதை. மரைன் ப்ளை என்றால் அழுகாது என்று நினைக்காதீர்கள். பசை தண்ணீர் தாங்கும், உள்ளே ஓட்டை இருக்காது, அவ்வளவுதான். மரம் மரம்தான்.

40 எச்பிக்கு என் ஓட்டு ப்ளைக்கு. 18 மி.மீ. பலகை இரண்டை எபாக்ஸி ரெசினில் ஒட்டுங்கள். ஆனால் பழைய பலகையின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், இன்ஜின் கிளாம்ப் அதற்குத்தான் பொருந்தும். ஒட்டும்போது பலகைகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கித் தள்ளாதீர்கள், பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். பாலியெஸ்டர் மரத்தில் சரியாகப் பிடிக்காது, நாளாவட்டத்தில் உரிந்து வரும்.

பதில் 2:
நான் எதிர்க்கட்சி. படகை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோம் பலகைதான். நீங்கள் எவ்வளவு கவனமாக அடைத்தாலும், நாளைக்கு யாராவது ஏணி மாட்டுகிறேன் என்று நாலு ஸ்க்ரூவை அப்படியே இறக்குவார்கள், அதை ஃபோம் மன்னிக்கும், ப்ளை மன்னிக்காது. எடைக்காக மட்டும் வாங்காதீர்கள், டிரான்சம் அளவுக்கு மிச்சமாவது சில கிலோதான். ஒரு விஷயம், சாதாரண பிவிசி ஃபோமை வாங்கிவிடாதீர்கள், போல்ட்டை இறுக்கினால் அமுங்கும். கண்ணாடி நார் கலந்த, அடர்த்தி கூடிய பாலியூரித்தேன் பலகை வேண்டும், கன அடிக்கு 24, 26 பவுண்டு என்று போட்டிருக்கும். ப்ளைக்குத் தன்னளவிலேயே விறைப்பு உண்டு, ஃபோமில் வேலை செய்வது மேலே போடும் ஃபைபர்தான், அதனால் நார் அடுக்கைக் குறைக்கக் கூடாது.

கேட்டவர்:
ஃபோம் போட்டால் போல்ட் துளைகளை அப்படியே விட்டுவிடலாமா? அப்புறம், வெட்டாமலே மேலிருந்து ஊற்றி நிரப்பும் கலவை என்று ஒன்று சொல்கிறார்களே?

பதில் 1:
ஊற்றலாம், ஆனால் ஈர மரம் ஒரு துண்டு கூட மிஞ்சக் கூடாது. குறுகலான இடத்தில் மேலிருந்து அதைத் தோண்டி எடுப்பதற்குள் உள்பக்க ஃபைபர் தோலை வெட்டித் திறந்தே வேலையை முடித்துவிடலாம்.

துளை எதுவானாலும் ஒரே முறைதான். 12 மி.மீ. போல்ட் என்றால் 20 மி.மீ. அளவில் பெரிதாகக் குடைந்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டி, நார்த்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள், இறுகிய பிறகு நடுவில் 12 மி.மீ. துளை. போல்ட் தொடுவது எபாக்ஸியை மட்டும், மரத்தையோ ஃபோமையோ இல்லை. மொத்தமாக ஒரே தடவை ஊற்றினால் சூடேறிப் புகையும், இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். வடிகால் துளைக்கும் இதேதான், அதை மறந்துவிட்டு மற்றதெல்லாம் செய்து பயனில்லை.

பதில் 2:
இதில் எனக்கும் சம்மதம். கூடவே, பலகையும் அடிப்பாகமும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் கெட்டி எபாக்ஸியால் வளைத்து நிரப்பி, அதன்மேல் நாரை பக்கவாட்டிலும் அடியிலும் படிப்படியாக அகலம் கூட்டிப் போடுங்கள். இன்ஜின் தள்ளும் விசை முழுக்க அந்த மூலை வழியாகத்தான் படகுக்குப் போகிறது.

கேட்டவர்:
அப்படியானால் ப்ளையும் எபாக்ஸியும். மிச்சமாகும் பணத்தில் நல்ல நார் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய நார் விரிப்பு) கிடக்கிறது, அதையே போடலாமா?

பதில் 1:
வேண்டாம். அதில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் விறைத்துக்கொண்டு மூலையில் படியாது. இழைகளை இரண்டு திசையில் அடுக்கித் தைத்த பையாக்சியல் துணி வாங்குங்கள். கடைசியில் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், ஃபைபர் படகுக்கு வழக்கமாகப் போடும் பளபளப்பான ஜெல்கோட் பூச்சு எபாக்ஸி மேல் நம்பிக்கையாக ஒட்டாது.