அடையாளத்தை வைத்து ஓட்டுத் திரட்டுவது: ஜனநாயகத்தைக் கெடுப்பது திரட்டலா, தேர்தல் விதியா?

தராசுமுள் (கேள்வி):
இனம், மதம், மொழி, சாதி பெயரில் ஓட்டுத் திரட்டுவது பற்றி ஒரு பயிலரங்குக்குக் குறிப்பு எழுதுகிறேன். ‘வாக்கு வங்கி அரசியல் மோசம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட மனமில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் சட்டமன்றத்துக்குள் கால் வைத்ததே இப்படித் திரண்டதால்தான். அப்படியானால் எந்த இடத்தில் இது கெடுதலாக மாறுகிறது? ‘இந்தக் குழு இவருக்குத்தான் போட்டது’ என்று பூத் கணக்கை வைத்துச் சொல்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்? சட்டம் போட்டுத் தடுத்துவிட்டால் தீருமா?

பூத்கணக்கு:
ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பதற்கு முன் கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். 2 லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு அதில் 25%, அதாவது 50,000 பேர். வழக்கம்போல் 70% பேர் வந்து, அதில் பாதி ஒரு பக்கம் விழுந்தால் 17,500 ஓட்டு. அதே குழுவில் 85% பேரை வரவைத்து, வந்தவர்களில் 80% பேரை ஒரே சின்னத்தில் குத்தவைத்தால் 34,000. ஏறக்குறைய இரட்டிப்பு.

எதிர்ப்பக்கம்: மீதி ஒன்றரை லட்சத்தில் 70% வந்தால் 1,05,000. குழுவிலிருந்து நழுவிய 8,500-ஐயும் சேர்த்து மூன்று வேட்பாளர்கள் சமமாகப் பிரித்துக்கொண்டால் தலைக்கு 37,800 சொச்சம். அவர்களிடமிருந்து மொத்தமாக 3,000 ஓட்டைப் பிய்த்தெடுத்தால் போதும், நம் ஆள் 37,000 வாங்கி ஜெயித்துவிடுவார். பதிவான ஓட்டில் சுமார் 25%. நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றவர்தான் உறுப்பினர். அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையில் இதைச் செய்யாத கட்சிதான் முட்டாள்.

எதிராளிகளில் இரண்டு பேர் கைகோத்தால் அதே 34,000 டெபாசிட்டைக் காப்பாற்றத்தான் உதவும். ஆகவே தன் குழுவைச் சேர்ப்பது பாதி வேலை, மற்றவர்களைப் பிரித்து வைப்பது மீதி. எதிராளியின் பெயரிலேயே ஒரு சுயேச்சை, எதிர்க் குழுவின் உட்பிரிவிலிருந்து ஒரு அதிருப்தி வேட்பாளர் என்று வேலை அங்கே நடக்கும். கெடுதல் ஆரம்பிப்பதும் அங்கேதான் என்பது என் கருத்து. ஒன்று சேருவதில் தப்பில்லை. அடுத்தவன் சேரக்கூடாது என்பதற்காகப் பயத்தை விதைக்கும்போதுதான் விவகாரமாகிறது.

இன்னொன்று. பல நாடுகளின் வாக்காளர் பட்டியலில் இனம், மதம் என்ற பத்தியே இருக்காது. பெயரையும் தெருவையும் வைத்துக் கட்சி ஏஜெண்ட் யூகித்துப் பென்சிலில் குறிப்பார். பொதுப் பெயர், கலப்புத் திருமணம், வாடகை மாறிப் போனவர் என்று யூகம் தவறும் இடங்கள் நிறைய.

சுழியம்:
பூத் கணக்கை நம்புவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு சாவடியில் 1,000 ஓட்டு பதிவு. 600 பேர் ஒரு குழு. வேட்பாளர் வாங்கியதும் 600. ‘அப்படியே விழுந்திருக்கு’ என்பார்கள். ஆனால் குழுவுக்கு வெளியே இருக்கும் 400 பேரும் அவருக்கே போட்டிருந்தால், குழுவிலிருந்து வந்தது 200தான். ஆக உறுதியாகச் சொல்லக்கூடியது 200-லிருந்து 600-க்குள் ஏதோ ஒன்று. அதாவது குழுவில் மூன்றில் ஒரு பங்கு முதல் முழுவதும் வரை. இதற்குப் பெயர் ஆதாரமா?

ஒரே குழு 950 பேர் உள்ள சாவடி என்றால் இடைவெளி சுருங்கும்: அதே 600-இல் குறைந்தது 550 அவர்களுடையது. அதனால் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சாவடிகளைத் தேடிப் பிடிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், நெருக்கமாக ஒரே இடத்தில் வாழ்பவர்களும் கலந்து வாழ்பவர்களும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. முன்னதை வைத்துப் பின்னதைச் சொல்லக்கூடாது. தொலைக்காட்சி விவாதங்களில் தினமும் நடப்பது இதுதான்.

நெடுங்கணக்கு:
அடையாளம் தானாகவே ஓட்டாக மாறுவதில்லை. ஸாம்பியா, மலாவி எல்லையின் இருபுறமும் சேவா, தும்புகா மக்கள் வாழ்கிறார்கள். பண்பாட்டு வேறுபாடு இருபக்கமும் ஒன்றேதான். அரசியல் ஆய்வாளர் டேனியல் போஸ்னர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி மலாவியில் அவர்கள் அரசியல் எதிரிகள், ஸாம்பியாவில் கூட்டாளிகள். காரணம் எண்ணிக்கை. மலாவியில் தனித்தனியாக நின்றே அதிகாரத்துக்குப் போட்டிபோடும் அளவுக்குப் பெரிய குழுக்கள். ஸாம்பியாவில் இரண்டுமே சிறியவை, ‘கிழக்கத்தியர்’ என்று சேர்ந்தால்தான் மதிப்பு.

கெடுதலுக்குச் சரியான உதாரணம் இலங்கை, 1956. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பெரும்பான்மை ஓட்டுக்காக மோதியபோது யார் அதிகம் கேட்பது என்ற ஏலம் நடந்தது. சுதந்திரக் கட்சித் தலைவர் பண்டாரநாயக்க, ஆட்சிமொழி ‘சிங்களம் மட்டும்’ என்றார். அதுவரை சிங்களம், தமிழ் இரண்டும் ஆட்சிமொழி என்று சொல்லிவந்த ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்கு முன் அதே நிலைக்கு வந்தது. பிறகு 1957-இல் பண்டாரநாயக்கவே தமிழ்த் தலைவர் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் 1958-இல் கிழித்தெறிந்தார். ஏலத்தில் ஜெயித்தவர் இறங்கி வர நினைத்தாலும் முடியாது, எதிராளி காத்துக்கொண்டிருப்பான்.

மருந்து என்று இரண்டு வகை உண்டு. ஒன்று பங்கைப் பிரித்து எழுதிவிடுவது. லெபனானில் 128 இடங்களும் கிறித்தவர், முஸ்லிம் என்று பாதிப் பாதி. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1932-இல். புதிதாக எண்ணினால் பங்கு குலையும் என்பதால் எண்ணுவதே இல்லை. பொஸ்னியாவில் அதிபர் அவை மூன்று இனங்களுக்கு மட்டும்; யூதரும் ரோமா இனத்தவரும் போட்டியிடவே முடியாது. 2009-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தும் ஏற்பாடு மாறவில்லை.

இன்னொன்று, வெளியாள் ஓட்டில்லாமல் ஜெயிக்க முடியாதபடி செய்வது. நைஜீரியாவில் அதிபராக மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் தலா 25% தேவை. கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பின் நடந்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; 2010 அரசியலமைப்பு பாதிக்கு மேல் ஓட்டோடு 47 மாவட்டங்களில் குறைந்தது 24-இல் 25% கேட்டது. 2013-இல் முன்பு மோதிக்கொண்ட கிகுயு, கலெஞ்சின் தலைவர்கள் கென்யாட்டாவும் ரூட்டோவும் சேர்ந்து 50.07% வாங்கினார்கள். வன்முறை குறைந்தது, ஆனால் ஓட்டு இனவாரியாகத்தான் விழுந்தது. தலைவர்கள் கூட்டுச் சேர்வதும் மக்கள் கலப்பதும் வேறு வேறு.

வாய்தா:
தடைச் சட்டம் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) மதம், இனம், சாதி, சமூகம், மொழி பெயரில் ஓட்டுக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4-3 கணக்கில், வேட்பாளரின் அடையாளம் மட்டுமல்ல, வாக்காளரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம் என்றது. சட்டத்தின் பலவீனம் எங்கே என்றால், வேட்பாளரோ ஏஜெண்டோ அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ கேட்டதாக நிரூபிக்க வேண்டும். ‘அந்தச் செய்தியை யாரோ ஆதரவாளர் அனுப்பினார்’ என்று சொல்லிவிட்டால் சம்மதத்தை எப்படி நிரூபிப்பது? தவிர, பாகுபாட்டால் அவதிப்படும் குழு அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பதையும் இதே பிரிவு தடுக்குமா என்பதுதான் எதிர்த் தீர்ப்பு எழுதிய மூவரின் கவலை. நான் அவர்கள் பக்கம்.

தராசுமுள்:
மிக்க நன்றி. நெடுங்கணக்கு சார், இரண்டாவது வகையில், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வாக்கு முறையும் சேருமா? இரண்டாம் விருப்பத்துக்காகவாவது அடுத்த குழுவிடம் போய் நிற்பார்கள் அல்லவா?

நெடுங்கணக்கு:
காகிதத்தில் அப்படித்தான். இலங்கை அதிபர் தேர்தலில் மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம். 1982 முதல் நடக்கும் இந்தத் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் இரண்டாம் எண்ணிக்கை வரை போனது 2024-இல்தான். அனுர குமார திசாநாயக்க 42.31%, சஜித் பிரேமதாச 32.76%. மற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் ஓட்டில் இந்த இருவரில் ஒருவரை அடுத்த விருப்பமாகக் குறித்திருந்தது 2.73 லட்சம் மட்டும். மீதியில் இந்த இருவர் பெயருக்கும் குறியே இல்லை. கட்சிகள் பெரும்பாலும் ‘எனக்கு மட்டும் போடு’ என்றுதான் பிரசாரம் செய்கின்றன. இரண்டாவது ஓட்டைக் கேட்க அடுத்த குழுவின் ஊருக்குப் போவதில் உள்ளூர் ஆதரவாளர் கோபிப்பார் என்ற பயமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில்போல எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் செல்லும் என்று வைத்தால் இது மாறும். ஆனால் செல்லாத ஓட்டு கூடும், அதிகம் இழப்பது படிப்பறிவு குறைந்த வாக்காளர்கள். குறிப்பில் அந்த விலையையும் எழுதிவிடுங்கள்.