சிரங்குக்கு மருந்து பூசிய அனுபவம்: மும்பைவாசிகளே, உங்களுடையதையும் எழுதுங்கள்

தாராவி, 90 அடி சாலைப் பக்கம்

ஒரே அறையில் ஆறு பேர் நாங்கள். போன மழைக்காலத்தில் சின்னவனுக்கு ராத்திரியானால் போதும், அரிப்பு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் பொடிப்பொடியாகக் கொப்புளம். தெருமுனை மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். பூசினால் சிவப்பு அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். தோல் டாக்டரம்மா அந்த டியூபைப் பார்த்ததும், "இதில் ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பை அமுக்கும், பூச்சியைக் கொல்லாது" என்றார். அவன் விரலிடுக்கில் பென்சிலால் கீறினாற்போல ஒரு சாம்பல் கோட்டையும் காட்டினார். பெண் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் வழி அது.

5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் எழுதினார், ஆறு பேருக்கும். அத்தைக்குக் கோபம். "எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் அரிக்கவே இல்லையே!" முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதற்குள்ளேயே அடுத்தவருக்குப் பரவிவிடும் என்று டாக்டரம்மாவே விளக்கிச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். சிரங்கு என்றாலே அழுக்கு என்று பேசுகிறார்களே, அது எனக்குப் பொறுக்காது. நெருக்கமாகப் படுக்கிற எந்த வீட்டுக்கும் இது வரும்.

எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசினோம். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக் கூடாது. உடம்பு ஆறி, ஈரம் காய்ந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, கொப்புளம் இல்லாத இடத்திலும். நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியிலும், அக்குள், மார்புக்குக் கீழே, பிறப்புறுப்பு, பிட்டத்தின் நடுவே என்று ஒரு இடமும் விடாமல். கூச்சப்பட்டு விட்ட இடத்தில்தான் பூச்சி தங்கும். பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் டியூப் கிட்டத்தட்ட முழுசாகவே போனது. 8 முதல் 14 மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் காலையில்தான் வரும் என்பதால் ராத்திரி பூசிக் காலையில் குளித்தது வசதியாகப் போயிற்று. நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

துணிதான் பெரும்பாடு. ஜூலை மழையில் போர்வையை எங்கே காயப்போடுவது? உடுத்தியதை வெந்நீரில் துவைத்தோம். போர்வை, தலையணையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் தொடவே இல்லை. உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காதாம்.

செம்பூர்

கைக்குழந்தை உள்ள வீடென்றால் கூடுதல் கவனம் வேண்டும். என் பேத்திக்கு, கண்ணையும் வாயையும் சுற்றி விட்டுவிட்டு, தலையிலும் முகத்திலும்கூடப் பூசச் சொன்னார்கள். கையை வாயில் வைக்காமல் இருக்க ராத்திரி உறை மாட்டினோம். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் பூசவே கூடாது. காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்று பழைய லோஷன் ஒன்று உண்டு. நரம்பைப் பாதிக்கக்கூடியது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

சயான் கோலிவாடா

மருந்து முடிந்தும் அரிக்கிறதே என்று என் தம்பி தினமும் பூச ஆரம்பித்துவிட்டான். தோல் வறண்டு எரிச்சல் வந்ததுதான் மிச்சம். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிக்கலாம். டாக்டர் அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார், தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். நாலு வாரம் தாண்டியும் புதுக் கொப்புளம் வந்தால் மட்டும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.